ஒன்பது நாள் அவிழ்க்காத கட்டு

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்று வளர்த்தது நான்கு. தோட்டத்து ஆயாக் கொட்டகையில் தூளி ஆட்டி, கஞ்சி ஊட்டி, மூக்குத் துடைத்து வளர்த்தது முந்நூறுக்குக் குறையாது. இன்றைக்கு லாரி ஓட்டுகிறவன், ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருக்கிறவள், செண்டாயான் டவுனில் மாடி வீடு வாங்கியிருக்கிறவன் என்று யாரைப் பார்த்தாலும், என் மடியில் கிடந்த பிள்ளையாகத்தான் இருக்கும். இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. எங்கள் தோட்டத்தில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அந்த ஒன்றுக்காகத்தான் யுனிவர்சிட்டி டாக்டர்கள் என்னை வேலைக்கு எடுத்தார்கள். அந்த ஒன்றால்தான் ஒருத்தியின் கால் போயிற்று. பிறகு உயிரும் போயிற்று.

புதிதாக இந்த ஆராய்ச்சி வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளுக்குத்தான் சொல்கிறேன். உங்களில் ஒரு பெண் போன மாதம் என்னைப் பார்க்க வந்தாள். கையில் ஆரஞ்சுப் பழம், முகத்தில் சிரிப்பு. "பாட்டி, உங்க ராஜா வீடியோ எங்களுக்குப் போட்டுக் காட்டினாங்க. மக்கள்கிட்ட எப்படிப் பேசணும்னு அதப் பாத்துக் கத்துக்கச் சொன்னாங்க. சூப்பர் பாட்டி!" என்றாள். அவளை உட்காரச் சொன்னேன். காப்பி கொடுத்தேன். ஒன்றும் சொல்லாமல் அனுப்பிவிட்டேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வீடியோ இன்னும் இருக்கிறது என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

நான் இரண்டாம் வகுப்புவரை படித்தவள். எழுத்துக் கூட்டிப் படிப்பேன். என் பெயரை அழகாகக் கையெழுத்துப் போடுவேன். அதற்குமேல் எழுத வராது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி தர்ஷினி எழுதுகிறாள். கொச்சையை எல்லாம் அவள் சரி செய்துகொள்ளட்டும். விஷயத்தை மட்டும் மாற்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

எங்கள் தோட்டம் சுவா பக்கம். மலேசியா முழுக்க நடந்ததுபோல ரப்பரை அழித்து, எண்ணெய் எடுக்கிற செம்பனை போட்ட பிறகு பாதிப் பேர் டவுனுக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியவர்களில் வீட்டுக்கு ஒருவருக்காவது இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி. காலில் புண் வந்தால் ஆறாது. முதலில் விரலை எடுப்பார்கள், பிறகு பாதத்தை. அதற்காகத்தான் யுனிவர்சிட்டியிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். புதிதாக ஒரு களிம்பு வந்திருக்கிறது, அது புண்ணை ஆற்றுமா ஆற்றாதா என்று பார்க்க வேண்டும். பாதிப் பேருக்கு அந்தக் களிம்பு. பாதிப் பேருக்கு மருந்தே கலக்காத வெறும் களிம்பு. இரண்டுக்கும் ஒரே வெள்ளை டியூப், மேலே நம்பர் மட்டும். யாருக்கு எது என்று டாக்டரம்மாவுக்கே தெரியாது. இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

என் வேலை, ஜனங்களுக்கு இதை விளங்கச் சொல்லிச் சம்மதக் காகிதத்தில் கைநாட்டு வாங்குவது. வாரம் ஒருமுறை வீடு வீடாகப் போய் எப்படி இருக்கிறார்கள் என்று பார்ப்பது. என்னோடு ஆஸ்பத்திரியில் இருந்து ஓய்வு பெற்ற மிஸ்ஸி ஒருவர் வருவார். பெயர் சொல்ல மாட்டேன். முப்பது வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவர். அதிகம் பேச மாட்டார். முதல் நாளே ஒன்று சொன்னார்: "நீங்க என்ன சொன்னீங்கங்கறது முக்கியமில்ல. கைநாட்டு வாங்குறதுக்கு முன்னாடி, அவங்களுக்கு என்ன வெளங்குச்சுன்னு அவங்க வாயாலயே திருப்பிச் சொல்ல வைங்க." நானும் தலையாட்டினேன். எனக்கா தெரியாது என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன்.

கோயில் மண்டபத்தில் முதல் கூட்டம் போட்டோம். டாக்டரம்மா டவுனில் வளர்ந்தவர். அவருடைய தமிழ் பாதி இங்கிலீஷ். கால் மணி நேரம் பேசினார். ஒருவர் முகத்திலும் அசைவு இல்லை. கடைசியில் பாக்கியம்தான் வாயைத் திறந்தாள். தனபாக்கியம் என்று பெயர். செம்பனைக் காட்டில் புல்லுக்கு மருந்தடிக்கிறவள். வாய் கொஞ்சம் நீளம். புருஷன் செத்துப் பத்து வருஷம். ஒரே மகள் கோமதி ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை. எனக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தாள்.

"யக்கா, நான் புல்லுக்கு மருந்தடிச்சு அது சாவுதா இல்லியான்னு பாக்குறேன். இவங்க என் காலுக்கு மருந்தடிச்சு நான் சாவுறேனா இல்லியான்னு பாக்கப் போறாங்க. அப்படித்தானே?"

மண்டபமே சிரித்தது. இரண்டு பேர் எழுந்து செருப்பைத் தேடினார்கள். டாக்டரம்மாவின் முகம் வாடிவிட்டது. எனக்கு ரோஷம் வந்தது. நான் கூப்பிட்டு வந்த கூட்டம் என் கண் முன்னாலேயே கலைவதா?

"ஏய் பாக்கியம், உக்காரு. ராஜா கால் புண்ணு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

இதை உங்களுக்கு விளக்க வேண்டும். எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் வெள்ளைத் துணி கட்டி வருஷா வருஷம் ஒரே ராஜா படத்தைப் போடுவார்கள். அந்தப் படம்தான் சல்லிசாகக் கிடைக்கும். பெரிய ராஜா. ஆயிரம் வருஷத்துக்கு முந்திய கதை. அவருக்குக் காலில் ஆறாத புண். அரண்மனை வைத்தியர்கள் எல்லாரும் கைவிட்ட பிறகு மலையிலிருந்து ஒரு வைத்தியர் இறங்கி வருவார். பச்சிலை அரைத்துக் கட்டுப் போடுவார். "ஒன்பது நாள் கட்டை அவிழ்க்கக் கூடாது. கண் பட்டால் மருந்து செத்துவிடும்" என்பார். ராஜா வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு சிம்மாசனத்தில் உட்கார்ந்திருப்பார். ஒன்பதாம் நாள் சபையில் வைத்துக் கட்டை அவிழ்ப்பார்கள். ஒரு பாட்டு. பாட்டு முடிவதற்குள் ராஜா எழுந்து நடந்துவிடுவார். எங்கள் தோட்டத்தில் ஐந்து வயதுப் பிள்ளைகூட அந்த வசனத்தைச் சொல்லும்.

அன்றைக்கு அந்தக் கட்டத்தை நான் முழுசாக நடித்துக் காட்டினேன். ராஜா மாதிரி நாற்காலியில் காலை நீட்டினேன். வைத்தியர் மாதிரி குரலை இறக்கினேன். ஜனங்கள் கை தட்டினார்கள். "அந்த வைத்தியர் மலையிலேருந்து வந்தாரு. இந்த டாக்டரம்மா யுனிவர்சிட்டியிலேருந்து வந்திருக்காங்க. அவ்வளவுதான் வித்தியாசம்" என்று முடித்தேன். செருப்பைத் தேடினவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். எல்லாரும் கைநாட்டு வைத்தார்கள். பாக்கியமும் வைத்தாள். வைக்கும்போது, "அப்போ நான் ராணிலா" என்று இடுப்பில் கை வைத்து நின்றாள். அன்றிலிருந்து லயத்து வீடுகளில் எல்லாம் அவளுக்கு ராணி என்றே பெயர்.

பாதிப் பேருக்கு வெறும் களிம்பு என்பதையும், தினமும் கழுவித் துடைத்துப் புதிதாகக் கட்ட வேண்டும், நாற்றமோ காய்ச்சலோ வந்தால் உடனே சொல்ல வேண்டும் என்பதையும் காகிதத்தைப் பார்த்து மிஸ்ஸி படித்தார். ஆனால் கை தட்டிய பிறகு படிக்கிற காகிதத்தை யார் கேட்பார்கள்?

டாக்டரம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அம்மா, எல்லா எஸ்டேட்லயும் இதையே சொல்லுங்க" என்றார். அடுத்த தோட்டத்தில் நான் நடித்ததைப் போனில் பிடித்துக்கொண்டார். வேனில் திரும்பி வரும்போது மிஸ்ஸி மட்டும் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "யாரையும் திருப்பிச் சொல்ல வைக்கலியே நீங்க" என்றார்.

"எல்லாருக்கும் வெளங்கிருச்சு மிஸ்ஸி. தலையாட்டுனாங்களே."

"ராஜாவுக்கு ஆட்டுனாங்க" என்றார் மிஸ்ஸி.

எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. பொறாமை என்று நினைத்தேன்.

இப்போது யோசித்தால் விளங்குகிறது. பழைய காலம் என்று நாங்கள் தெரிந்து வைத்திருந்தது எல்லாம் படத்தில் பார்த்ததுதான். படத்து ராஜாவின் புண் குங்குமம் தடவின மாதிரி இருக்கும். சீழ் இல்லை. ஈ இல்லை. கட்டுத் துணியில் கறை இல்லை. அந்தக் காலத்தில் எத்தனை பேர் கால் அழுகிச் செத்தார்களோ யாருக்குத் தெரியும்? அவர்களை யார் படம் எடுப்பார்கள்? படத்தில் வைத்தியர் தோற்க மாட்டார். நீங்கள் செய்கிற ஆராய்ச்சியோ, வைத்தியம் தோற்குமா ஜெயிக்குமா என்று தெரியாததால் செய்கிற காரியம். தெரியாது என்று சொல்ல வேண்டிய இடத்தில் நான் ஜெயித்துவிட்ட கதையைச் சொன்னேன்.

களிம்பு கொடுத்துச் சில வாரம் போயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை பாக்கியம் என் வீட்டுக்கு நொண்டிக்கொண்டு வந்தாள். டியூபை என் முன்னால் வைத்தாள்.

"யக்கா, எனக்கு வேண்டாம் இது. தினம் அவுத்துக் கட்டி அவுத்துக் கட்டி உயிர் போவுது. குதிகால்ல புண்ணு அப்படியேதான் இருக்கு. பேர வெட்டிரு."

அதுவரை நான் சேர்த்த ஆள் ஒருவர்கூட விலகவில்லை. மற்றத் தோட்டங்களில் விலகியிருக்கிறார்கள். என் தோட்டத்தில் இல்லை. இதை டாக்டரம்மா எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார். எனக்கு அது கழுத்தில் போட்ட மாலை மாதிரி.

விலக வேண்டும் என்று வருகிறவரைத் தடுக்கக் கூடாது. அது சட்டம். முதல் நாளே உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். எனக்கும் சொன்னார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"ராஜா ஒன்பது நாள் பொறுத்தான். ஒன்னால முடியாதா? நீ என்னா ராணி?"

பாக்கியம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு டியூபை எடுத்து மடியில் சொருகிக்கொண்டாள். "ஒன்பது நாளா? சரிக்கா. நீ சொல்றே. பொறுத்துப் பாக்குறேன்" என்று போய்விட்டாள்.

நான் சொன்னது பொறுமையைப் பற்றி. அவள் கேட்டது கட்டைப் பற்றி. திருப்பிச் சொல்லு என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். அவள் வீட்டுக்குப் போய் மிச்சக் களிம்பை எல்லாம் பூசி, அழுத்தமாக ஒரு கட்டுப் போட்டாள். அதற்குப் பிறகு அவிழ்க்கவில்லை.

ஏழாவது நாள், திங்கட்கிழமை, வழக்கம்போல வீடுகளைப் பார்க்கப் போனேன். அன்று மிஸ்ஸி வரவில்லை. பாக்கியம் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கால் ஒரு மணைக்கட்டை மேல். சுற்றிலும் பக்கத்து வீட்டுப் பெண்கள் மூன்று பேர். கிட்டே போவதற்குள் எனக்கு நாற்றம் தெரிந்துவிட்டது. சாம்பிராணி போட்டிருந்தாள். அதையும் தாண்டி வந்தது. ஆயிரம் துணி துவைத்தவள் நான். எந்த நாற்றம் எதற்கு வரும் என்று எனக்குத் தெரியும்.

"என்னா பாக்கியம், எப்போ கட்டு மாத்துனே?"

"மாத்துறதா? இன்னும் ரெண்டு நாள் இருக்கேக்கா! ஒன்பது நாள்னு நீதானே சொன்னே?" அவள் கண்ணில் பெருமை. முகம் மட்டும் காய்ச்சலில் மினுமினுத்தது. "நல்லாப் புடிச்சு இழுக்குது. மருந்து வேலை செய்யுது."

பக்கத்தில் இருந்த ஒருத்தி, "என்னக்கா, நாளன்னிக்கு ராணி எந்திரிச்சு நடப்பாளா? பாட்டுக்கு யாரு?" என்றாள். மற்ற இருவரும் சிரித்தார்கள். பாக்கியமும் சிரித்தாள்.

எனக்கு அந்த நொடியிலேயே எல்லாம் விளங்கிவிட்டது. இதை ஒளிக்க மாட்டேன். விளங்காமல் செய்த தப்பு என்றால் எப்படியோ மனசைத் தேற்றிக்கொள்ளலாம். அங்கேயே குனிந்து அந்தக் கட்டை அவிழ்த்திருக்க வேண்டும். "நான் சொன்னது தப்பு, வண்டி கூப்பிடுங்க" என்று கத்தியிருக்க வேண்டும். என் கை பையில் இருந்த போன் மேல்தான் இருந்தது. ஆனால் அந்த மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மண்டபத்தில் எனக்குக் கை தட்டியவர்கள். என் மடியில் பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போனவர்கள். அவர்கள் முன்னால் என் சொல் தப்பு என்று என் வாயாலேயே எப்படிச் சொல்வது?

"புதன்கிழமை டாக்டரம்மா வேன் வருது. அவங்க முன்னாடியே அவுக்கலாம். தண்ணி நெறையக் குடி" என்றேன்.

அவள் கொடுத்த காப்பியை அங்கேயே உட்கார்ந்து குடித்தேன். ஆறின காப்பி. முழுசாகக் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

செவ்வாய்க்கிழமை இரண்டு தடவை அவள் வீட்டுப் பக்கம் போனேன். இரண்டு தடவையும் பாதி வழியில் திரும்பிவிட்டேன். ஒரு நாள்தானே, ஒரு நாளில் என்ன ஆகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

புதன்கிழமை டாக்டரம்மா கட்டை அவிழ்த்தார். அதை நான் விவரிக்கப் போவதில்லை. துணியோடு தோலும் வந்தது என்று மட்டும் சொல்கிறேன். அவர் வந்த வேனிலேயே பாக்கியத்தைத் தூக்கிப் போட்டுக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனார். அன்று சாயங்காலமே முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமை வந்திருந்தால் பாதத்தோடு போயிருக்கும் என்று அங்கே சொன்னார்களாம். கோமதி அழுதுகொண்டே என்னிடம் சொன்னாள். யாரிடம் சொல்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் பார்க்கப் போனேன். பாக்கியம் போர்வைக்குள் இருந்தாள். போர்வை ஒரு பக்கம் தட்டையாக இருந்தது.

"வாக்கா" என்றாள். "அந்த ராஜாவுக்கு மட்டும் ஆறிருச்சே, பாத்தியா? மருந்துக்குக்கூட ஆள் பாக்கத் தெரியுதுலா. புல்லுக்கு மருந்தடிக்கிறவளுக்கு எல்லாம் வேலை செய்யாது போல."

நான் அழுதேன். அவள் என் கையைத் தட்டிக் கொடுத்தாள். "நீ என்னா செய்வே? நீ நல்லதுக்குத்தான் சொன்னே. ரெண்டு நாள் முன்னாடியே எனக்குத்தான் பொறுக்க முடியல. ராவுல விரல விட்டு லேசாத் தளத்திட்டேன். அதான் ஆறல போல" என்றாள்.

அவள் அதையும் தன் தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தாள். இல்லை பாக்கியம், தப்பு என்னுடையது என்று நான் சொல்லவில்லை. அங்கேயும் சொல்லவில்லை. அடுத்த மழைக்காலம் வருவதற்குள் மற்றக் காலிலும் புண் வந்து, அது இரத்தத்தில் ஏறி அவள் போய்விட்டாள். கடைசிவரை என்னை நல்லவள் என்றே நினைத்துக்கொண்டு போனாள்.

கால் எடுத்த வாரத்தில் டாக்டரம்மா ஒரு ஃபாரம் கொண்டுவந்தார். இப்படி ஏதாவது நடந்தால் யுனிவர்சிட்டிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். எனக்காக அதைத் தமிழில் தட்டுத் தடுமாறிச் சொன்னார்: "'சொல்லிக் கொடுத்தபடி நோயாளி காயத்தைச் சுத்தம் செய்யவில்லை.' சரிதானேம்மா?"

மிஸ்ஸி பக்கத்தில் இருந்தார். என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஒன்பது நாள்னு அவளுக்கு யாரு சொன்னது?"

"தெரியல மிஸ்ஸி. படத்துல பாத்திருப்பா" என்றேன்.

மிஸ்ஸி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் பேனாவை வாங்கி என் பெயரை அழகாகக் கையெழுத்துப் போட்டேன். தோட்டத்து ஜனங்கள் எல்லாரும் கைநாட்டு வைத்தபோது நான் மட்டும் கையெழுத்துப் போடுகிறவள். அதில் எனக்குப் பெருமை. அந்தப் பெருமையோடுதான் அந்தப் பொய்க்குக் கீழே என் பெயர் இருக்கிறது.

அந்தக் களிம்பு பிறகு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். உதவாது என்று பாதியில் நிறுத்திவிட்டார்கள். பாக்கியத்துக்குக் கிடைத்தது மருந்து கலந்ததா, வெறும் களிம்பா என்று நான் கேட்கவே இல்லை. எதுவாக இருந்தால் என்ன? அவள் காலை எடுத்தது களிம்பு இல்லை.

மிஸ்ஸியும் இப்போது இல்லை. அவரிடமாவது சொல்லியிருக்கலாம். பல வருஷம் நேரம் இருந்தது.

நீங்கள் ஐபேட் எல்லாம் வைத்துக்கொண்டு போகிறீர்கள். உங்களுக்குப் படிப்பு இருக்கிறது. ஆனால் ஜனங்கள் உங்களை நம்ப ஆரம்பிக்கும்போதுதான் நீங்கள் பயப்பட வேண்டும். தலையாட்டினால் கைநாட்டு வாங்காதீர்கள். கை தட்டினால் கட்டாயம் வாங்காதீர்கள். அவர்களுக்கு என்ன விளங்கியது என்று அவர்கள் வாயாலேயே கேளுங்கள். நேரம் ஆனால் ஆகட்டும். நீங்கள் சொன்னது தப்பு என்று தெரிந்துவிட்டால், அங்கே எத்தனை பேர் நின்றாலும் அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள். காப்பி குடிக்க உட்காராதீர்கள். என் வீடியோவை அழித்துவிடச் சொல்லுங்கள். அழிக்க முடியாது என்றால், அதற்குப் பக்கத்தில் இதையும் வையுங்கள்.

இதனால் யாருக்கும் கால் திரும்பி வராது. கோமதி இதைப் படிப்பாள். படித்த பிறகு என் வீட்டுப் படி ஏற மாட்டாள். ஏறாமல் இருப்பதுதான் நியாயம்.

தர்ஷினி, நீ ஏனம்மா எழுதுவதை நிறுத்திவிட்டாய்? கண்ணைத் துடைத்துக்கொள். இதையும் எழுது. அந்த ஃபாரத்தில், சொல்லிக் கொடுத்தபடி நோயாளி செய்யவில்லை என்று இருக்கிறது. அது பொய். நான் சொன்னதை அவள் அப்படியே செய்தாள்.

எழுதிவிட்டாயா? இப்போது முதலிலிருந்து எனக்குப் படித்துக் காட்டு. அவசரம் வேண்டாம். நான் சொன்னதுதான் அங்கே இருக்கிறதா என்று நான் கேட்க வேண்டும்.